மைனர் ஸ்விங்: ஈ7 வந்ததும் சோலோ ஸ்கேல் பயிற்சி மாதிரி ஒலித்தால்

ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 'மைனர் ஸ்விங்'கில் கிதார் சோலோ வாசிக்கும்போது, ஈ7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) வரும் இரண்டு பாரிலும் ஏ மைனர் ஸ்கேலை விட்டுவிட்டு ஜி ஷார்ப் டிமினிஷ்ட் ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) வாசியுங்கள். முதல் கம்பியில் 1, 4, 7, 10ஆம் ஃப்ரெட். எஃப், ஜி ஷார்ப், பி, டி கிடைத்துவிடும்.

உங்கள் சோலோவைக் கேட்டு ஆசிரியர் "கார்டு மாறுவது கேட்கவில்லை" என்று சொன்னால், பெரும்பாலும் இதனால்தான்: நீங்கள் வாசிக்கும் ஸ்கேலில் ஜி ஷார்ப்பே இல்லை. ஈ7-க்கு உயிரே அந்த ஸ்வரம்தான்.

பின்னணி ரிதமை நிறுத்திவிட்டு, நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் தனியாக வாசித்துப் பாருங்கள். 4ஆம் ஃப்ரெட்டிலிருந்து 5க்கு, அதாவது ஏ-வுக்கு, சரியாக ஏ மைனர் திரும்பும் முதல் பீட்டில் இறங்குங்கள். கார்டு மாறுவது காதில் விழ வேண்டும். ஜாங்கோவின் 1937 பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால் ஏ மைனர் 6 (இங்கே திரும்பும் ஏ மைனர் கார்டு இந்த வகைதான்) வந்த பிறகும் எஃப்-இல் நிற்காதீர்கள். அந்தக் கார்டில் இருப்பது எஃப் ஷார்ப், இரண்டும் மோதும்.