கோமாளி மீன் முட்டையிட்டுவிட்டது, குஞ்சுகளைப் பிழைக்க வைப்பது எப்படி?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. வீட்டு உப்புநீர்த் தொட்டியில் கோமாளி மீன் ஜோடி முதல் தடவையாக முட்டையிட்டிருக்கிறது, குஞ்சுகளைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. ஆண் மீன் முட்டைகளைக் கொத்தித் தின்கிறது, அதைத் தனியாகப் பிரித்துவிடலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பிரிக்கவே பிரிக்காதீர்கள். அந்த முட்டைகள் உயிரோடு இருப்பதே அந்த ஆண் மீனால்தான். கொஞ்ச நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள், பக்கத் துடுப்புகளை அடித்து முட்டைகள் மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நடுநடுவே வாயை வைத்துத் தடவிச் சுத்தம் செய்யும். பெரும்பாலும் அது பிய்த்துத் தின்பது கருவுறாமல் வெள்ளையாகிப் போன முட்டைகளை. அவற்றை விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளுக்கும் பரவும். முதல் ஒன்றிரண்டு தடவை மொத்த முட்டைகளையும் தின்று தீர்க்கும் ஜோடிகளும் உண்டு, பழகப் பழகச் சரியாகிவிடும்.

சரி, குஞ்சுகள். உங்களிடம் ரோட்டிஃபர் (குஞ்சுகளுக்கு முதல் இரையாகக் கொடுக்கும், தூசி அளவேயான நீர்வாழ் உயிரி) வளர்ப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்தத் தடவை முட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் பொரிந்து வரும் குஞ்சு 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், அது கூடவே கொண்டுவரும் மஞ்சள் கரு ரொம்பக் கொஞ்சம், ஓரிரு நாளுக்குள் வாய்க்குள் நுழைகிற அளவில் உயிருள்ள இரை சுற்றிலும் மிதக்காவிட்டால் மொத்தமும் போய்விடும். தூள் உணவையும் வேகவைத்த முட்டை மஞ்சளையும் நம்பி இறங்கினால் தண்ணீர்தான் கெடும். ஒத்துப்போன ஜோடி சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் அதே இடத்தில். அந்த இரண்டு வாரம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம், அதை முழுக்க ரோட்டிஃபருக்குச் செலவிடுங்கள்.

பலரும் முட்டையையும் ஜோடியையும் பற்றியே யோசிக்கிறார்கள், அது மீன்களே பார்த்துக்கொள்ளும் வேலை. நாம் செய்ய வேண்டியது குஞ்சு வளர்ப்பு என்பதைவிட ரோட்டிஃபர் வளர்ப்பு என்றே சொல்லலாம். ஒரு 15, 20 லிட்டர் வாளி, தொட்டி நீரைவிடக் கொஞ்சம் உப்புக் குறைந்த தண்ணீர், அதில் ஏர் ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழிகளாக்கும் துளைக்கல்) இல்லாமல் வெறும் குழாய் மட்டும் போட்டுப் பெரிய குமிழிகளாக வரும்படி மெதுவான காற்று. உணவு நானோகுளோராப்சிஸ் பாசி, விழுதாகவே கிடைக்கிறது. ஊற்றியதும் தண்ணீர் பச்சையாகும், ரோட்டிஃபர் தின்னத் தின்ன வெளுக்கும், வெளுத்தால் மறுபடி ஊற்ற வேண்டும். தினமும் கால் பங்குத் தண்ணீரை எடுத்து 53 மைக்ரான் சல்லடையில் வடிகட்டிவிட்டு, எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் விடுங்கள். எடுக்காமல் சேர்த்து வைத்தால் கூட்டம் பெருகி ஒரே ராத்திரியில் மொத்தமாகச் செத்துப்போகும். அதனால்தான் எப்போதும் இரண்டு வாளி வேண்டும் என்கிறேன், வேறு வேறு இடத்தில், ஒன்றில் போட்ட கரண்டியை இன்னொன்றில் போடாமல். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளைத் தூசி மாதிரி மெல்ல மிதந்து நகர்வது ரோட்டிஃபர், வெடுக் வெடுக்கென்று துள்ளி ஓடினால் உள்ளே கோப்பிபாட் என்ற வேறொரு நுண்ணுயிரி புகுந்திருக்கிறது.

அடுத்த தடவை முட்டையிட்டதும் தேதி குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், நாலைந்து நாளில் கருத்துவிடும், அப்புறம் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கண் தெரியும். அந்தக் கண்கள் வெள்ளி மாதிரி மின்ன ஆரம்பித்தால் பொரிக்கும் ராத்திரி நெருங்கிவிட்டது. தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தால் 7, 8 நாள் ஆகும், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஓரிரு நாள் கூடும். விளக்கு அணைத்து இருட்டு முழுமையான பிறகு, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், பொரிந்துவிடும். இங்கே இருட்டு என்றால் நிஜமாகவே இருட்டு, கூடத்தில் எரியும் பல்பு வெளிச்சம் விழுந்தால்கூடத் தள்ளிப்போகலாம்.

ஓடு மேலோ சின்ன மண்சட்டி மேலோ முட்டையிட்டிருந்தால் வேலை சுலபம், பொரிக்கும் சாயங்காலம் அதை அப்படியே தண்ணீருக்குள் வைத்தே குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, முட்டைகளை உரசியபடி குமிழிகள் போகும்படி ஏர் ஸ்டோன் வைத்துவிடலாம். ஆண் மீன் செய்த விசிறும் வேலையை அது செய்யும். பெயர்க்க முடியாத பாறையில் இட்டிருந்தால் இருட்டானதும் பம்புகளை நிறுத்திவிட்டு, பொரிந்த பிறகு ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடிக் கூடும், கப்பால் தண்ணீரோடு மொண்டு எடுக்கலாம். வலை போடக் கூடாது, அந்த உடம்பு வலையைத் தாங்காது.

குஞ்சுத் தொட்டிக்கு 40 லிட்டர் போதும், அதிலும் முதலில் பாதி அளவுதான் தண்ணீர், பெற்றோர் தொட்டியிலிருந்தே எடுத்தது. பக்கங்களைக் கருப்புக் காகிதத்தால் மூடிவிடுங்கள். கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் அதை நோக்கிப் போய் முட்டி முட்டியே சாகும். வெளிச்சம் மங்கலாக மேலிருந்து மட்டும். தண்ணீர் லேசான பச்சையாக இருக்கும்படி பாசி, அப்போதுதான் உள்ளே இருக்கும் ரோட்டிஃபரும் பட்டினி கிடக்காது. பட்டினி ரோட்டிஃபரைத் தின்னும் குஞ்சுக்கு அதனால் சத்து கிடையாது. ஒரு மில்லிலிட்டருக்கு 10 ரோட்டிஃபர் என்ற கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் நாட்களில் குஞ்சு இரையைத் துரத்திப் போகாது. உடம்பை எஸ் வடிவில் வளைத்து ஒரு நொடி நிற்கும், அப்புறம் முன்னால் பாயும், அவ்வளவு தூரத்துக்குள் ரோட்டிஃபர் இருந்தால்தான் சாப்பாடு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், சாப்பிட்ட குஞ்சின் வயிறு உருண்டு நிறைந்திருக்கும்.

பட்டினிக்கு அடுத்தபடி குஞ்சுகளைக் கொல்வது அமோனியா. புதுத் தொட்டி, சரியான ஃபில்டர் கிடையாது, ஃபில்டர் போட்டால் ரோட்டிஃபரை இழுத்துக்கொள்ளும். ஆகவே தினமும் சோதித்து, அடியில் சேரும் கழிவை மெல்லிய ஏர் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு பெற்றோர் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாளியில் இருக்கும் ரோட்டிஃபர் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் வடிகட்டிக் கழுவிப் போடச் சொல்வதும் இதற்காகத்தான், அந்தத் தண்ணீரில் அமோனியா ஏராளம்.

அடுத்த இரையான ஆர்ட்டீமியாவுக்கு (முட்டையிலிருந்து பொரித்துக் கொடுக்கும் பொடி உப்புநீர் இறால்) அவசரம் வேண்டாம். ஒரு வாரம் கழிந்து, பெரிய குஞ்சுகள் கொத்துகின்றனவா என்று கொஞ்சம் போட்டுப் பார்த்து, ரோட்டிஃபரையும் நிறுத்தாமல் மெதுவாக மாற்றலாம். அன்றைக்குப் பொரித்ததை மட்டும் கொடுங்கள், முட்டை ஓடு கலக்காமல். நேரம் ஆக ஆக அதன் சத்து குறைந்துகொண்டே போகும், ஒமேகா-3 கொழுப்பு போதாத குஞ்சுகள் லேசாக அதிர்ந்தால்கூடத் துடித்துச் சாகும்.

பத்தாவது நாளை ஒட்டி உருமாற்றம். அதுவரை நடு நீரில் திரிந்தவை ஓரமாகவும் அடியாகவும் ஒதுங்கும், உடம்பில் நிறம் ஏறும், தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் நடுக்கோடு. வால் பக்கத்துக் கோடு வர இன்னும் வாரக்கணக்கில் ஆகும். பாதி வளர்ந்தவையும் வளராதவையும் கலந்து நிற்கும் அந்த நாட்களில் சில சாகும், என்ன செய்தாலும் சாகும். அதைத் தாண்டியவை நன்றாகப் பிழைத்துக்கொள்ளும். அப்போது பழைய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைக்கலாம், தூள் உணவும் பழக்கலாம். கோடு குறைந்தவை, செவுள் மூடி சிறுத்தவை வரத்தான் செய்யும், வளர்ப்பதில் தப்பில்லை, இனப்பெருக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். ஒரு தடவைக்கே நூற்றுக்கணக்கில் முட்டை, ரோட்டிஃபர் கைகூடிவிட்டால் கால்வாசி பிழைத்தாலும் ஒரு கூட்டம் மீன். சின்னதாக இருக்கும்வரை நெருக்கமாகவே வாழும், வளர வளர ஒன்றை ஒன்று கடித்து விரட்டும், ஏனென்றால் எல்லாமே ஆணாகத் தொடங்கி, அடக்கி ஆளும் பெரியதுதான் பெண்ணாக மாறும் இனம் இது. தொட்டியில் பிறந்த மீனுக்குப் பாறைத் திட்டுகளில் வலைபோட்டுப் பிடித்ததைவிடத் தொட்டியும் தூள் உணவும் எளிதில் ஒத்துப்போகும், அதனால் விரும்பி வாங்க ஆள் இருப்பார்கள். அந்த ஆட்களைக் குஞ்சுகள் விரல் நுனி அளவில் இருக்கும்போதே பேசி வைத்துவிடுங்கள், ஒவ்வொருவருக்கும் அளவில் வித்தியாசமான இரண்டாகப் பார்த்துக் கொடுங்கள், தானாகவே ஜோடி சேர்ந்துவிடும்.