பத்துக்கு எத்தனை வலி?

வணக்கம் சார்,

மன்னார்குடி பக்கத்தில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 64. உங்கள் முழங்கால் ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துத் தைரியம் வந்துதான் நானும் இடது காலுக்குச் செய்துகொண்டேன். ஏழு மாதம் முடிந்துவிட்டது.

மூன்று மாதத்தில் சாதாரணமாக நடப்பீர்கள் என்றார்கள். நடக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. வாக்கரை ஐந்தாவது வாரமே விட்டுவிட்டேன். ஆனால் காலையில் எழுந்தால் கால் உலக்கை மாதிரி இருக்கிறது. அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டித்தான் வைக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்த்துவிட்டு 85 டிகிரிதான் மடங்குகிறது என்கிறார். ஆயுள் முழுக்கப் பாகைமானி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்படி ஒரு கோணம் வாய்த்திருக்கிறது! ராத்திரியில் வலி வேறு. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். தழும்புக்கு வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சியே இல்லை. நடந்தால் உள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்கிறது.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ‘ஆபரேஷன் ரொம்ப அழகா வந்திருக்கும்மா’ என்கிறார். நான் பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்கிறான் மகன். எதிர்வீட்டு அம்மா மூன்றாவது மாதமே பழனி மலைப் படியேறிவிட்டு வந்து விபூதி கொடுத்தார்கள். வாங்கிப் பூசிக்கொண்டு உள்ளே வந்து அழுதேன்.

உங்கள் கட்டுரை நீங்கள் வீட்டு மாடிப்படி ஏறும் இடத்தோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன ஆனது சார்? எழுதவே இல்லையே. இந்த மார்கழியில் முதல் தடவையாக என் வாசலில் மருமகள் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினாள்.

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

பிடித்துவிட்டீர்கள். அந்தக் கட்டுரையை எழுதியபோது எனக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. மாடி ஏறிய அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதி வலையேற்றிவிட்டேன். அன்று ராத்திரி வலியில் பொட்டுத் தூக்கம் இல்லை. அதை எழுதவில்லை. படியேறிய இடத்தில் நிறுத்தினால் கட்டுரை நன்றாக அமையும் என்கிற எழுத்தாளப் புத்தி. கால் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஒரு பகல் முழுக்க இருப்பதற்கு எனக்கு ஒன்றேகால் வருடம் ஆயிற்று. இதைச் சொல்லாமல் உங்களை ஆபரேஷனுக்கு அனுப்பிவைத்ததற்கு முதலில் மன்னிப்பு.

நீங்கள் தனி ஆள் இல்லை. முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதில் முழுத் திருப்தி அடையவில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் இந்தப் புலம்பல் குறைவு. ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீதி நாலு பேரில் ஒருவர்தான் உங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். அது உங்கள் துரதிர்ஷ்டம்.

நம் ஊரில் இந்த ஆபரேஷன் வீட்டுப் பேச்சானதே வாஜ்பாயால்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவருக்கு இடது முழங்கால், அடுத்த ஆண்டு ஜூனில் வலது. செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் இன்சால் என்கிற எலும்பு டாக்டரும் மற்றவர்களும் இன்றைய செயற்கை முழங்காலின் முன்னோடியை வடிவமைத்தபோது கூட இருந்தவர். பிரதமர் எழுந்து நடந்ததை நாடே டிவியில் பார்த்தது. ஒருவர் நடப்பதைத்தான் எல்லோரும் பார்க்க முடியும், ராத்திரி அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? இன்னொன்று. நியூயார்க்கில் தரையில் சப்பணமிட்டுச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, படியேறி, தெருவில் நடக்க ஏற்பட்ட முழங்கால் அது. நாம் அதனிடம் கேட்பது வேறு.

சரி, உங்கள் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தொடை எலும்பின் முனையில் மாட்டிய உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் மேல் வைத்த தட்டு, இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக், எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்கிறார். எக்ஸ்ரேயில் அது தெரியும். தசை எவ்வளவு இளைத்திருக்கிறது, உள்ளே தழும்புச் சதை எப்படி வளர்ந்து இறுகியிருக்கிறது, நரம்பு என்ன செய்கிறது, கிருமி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. அவர் சொன்னது வேலை நன்றாக முடிந்தது என்று. நீங்கள் கேட்டது ஏன் வலிக்கிறது என்று.

ஆனால் டீச்சர், நீங்களும் நானும் அவரிடம் என்ன சொன்னோம்? ‘வலிக்குது டாக்டர்.’ அவ்வளவுதான். நான் போன இடத்தில் ஒரு தாளில் வரிசையாக மூஞ்சிகள் வரைந்திருந்தார்கள், சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சி வரை. பத்துக்கு எத்தனை சார் என்று கேட்பார்கள். ஏழு என்பேன். அடுத்த மாதம் போனால் மறுபடியும் ஏழு. ஏழு என்று எழுதிக்கொண்டு அதே மாத்திரையைத் தருவார்கள். பத்து மாதம் இப்படி ஓடியது.

அப்புறம் உறவுக்காரர் ஒருவர் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனேன். வயதானவர். காலைத் தொடுவதற்கு முன்னால், ‘நம்பர் வேண்டாம். எப்படி வலிக்குதுன்னு உங்க வீட்ல சொல்ற மாதிரி சொல்லுங்க’ என்றார். நான் முப்பது வருடமாகக் கதை எழுதுகிறவன். வலிக்கு வார்த்தை கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. அப்புறம் மெல்ல வந்தது. முழங்காலின் முன்பக்கம் பிடிப்பு, காலையில் விறைப்பு, இது ஒரு வகை. ராத்திரி வருவது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலில் நின்று குடைவது, இது வேறு. ‘ரெண்டும் ஒரே வலி இல்லையே சார்’ என்றார். கீழ் முதுகில் நரம்பு அழுந்தியிருந்தது. ராத்திரிக் குடைச்சலின் ஊற்று முழங்காலிலேயே இல்லை! முதுகுக்கு வைத்தியம் ஆரம்பித்த பிறகு தூக்கம் வந்தது. பத்து மாதம் நான் சொன்ன ‘ஏழு’க்குள் இரண்டு வலிகள் ஒளிந்திருந்தன.

நம் பாட்டிகளிடம் வலிக்கு எத்தனை சொல் இருந்தது பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, காந்தல், மதமதப்பு. சுரீர் என்றால் ஒன்று, விண்விண் என்றால் வேறொன்று. இவற்றை வைத்து நாமே நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது. நான் டாக்டரும் இல்லை. ஆனால் டாக்டர் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு இதில் துப்பு இருக்கிறது. படி இறங்கும்போது மட்டும் முன்பக்கம் குத்தினால் முழங்கால் சில்லைப் பார்ப்பார். புடவை உரசினாலே காந்துகிறது என்றால் தோல் நரம்பு. கால் திடீரென்று விட்டுக்கொடுப்பது போலிருந்தால் தசைநார்களின் இறுக்கம் சமமாக இல்லையோ என்று பார்ப்பார். உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி நொண்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் விறைப்பாலும் வரும், பொருத்திய பாகம் எலும்போடு சரியாகப் பிடிக்காவிட்டாலும் வரும். சும்மா படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறித்து, கால் சூடாக, வீக்கமாக இருந்தால் கிருமி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அதனால் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். எந்த நேரம், எந்த இடம், என்ன செய்யும்போது, எந்த மாதிரி. பாடக்குறிப்பு எழுதிய கை, சுலபமாக வரும். அதோடு டிஸ்சார்ஜ் ஃபைலையும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே வைத்த பாகங்களின் ஸ்டிக்கர்கள் அதில் ஒட்டியிருக்கும், வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ராத்திரி வலி இருப்பதால் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை. சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன்னால் யாராவது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால் சாப்பிட்டுவிடாதீர்கள், கிருமி இருந்தாலும் சோதனையில் சிக்காமல் போகலாம். காய்ச்சல், தழும்பில் கசிவு, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் நோட்டு, வாரம் எல்லாம் வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். மெடிக்கல் ஷாப் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடுவதையும் நிறுத்துங்கள். வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும்.

பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவு 2022இல் வெளியானது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகியும் வலியோடு இருந்த 363 பேர். அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் தனியாக உட்காரவைத்து, ஒரு மணி நேரம் விசாரித்து, வலிக்கு என்ன காரணமாக இருக்கலாம் என்று பார்த்து, அதற்கேற்ற இடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு போன் செய்தும் கேட்டார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களுக்கு மற்றவர்களைவிட வலி ஓரளவு குறைந்திருந்தது. நம் ஊரில் அந்த ஒரு மணி நேரத்தை யார் தருவார்கள் என்று கேட்பீர்கள். தர மாட்டார்கள். அதற்குத்தான் நோட்டு.

மதமதப்புக்கும் சத்தத்துக்கும் பயப்படாதீர்கள். அந்த இடத்தில் குறுக்கே போகும் ஒரு சிறு தோல் நரம்பை வெட்டாமல் முழங்காலைத் திறப்பது கடினம். மரத்துப்போன இடம் நாளடைவில் சுருங்கும், ஒரு ரூபாய் அகலத்துக்கு எனக்கு இன்னும் இருக்கிறது. டிக் டிக் என்பது உலோகம் பிளாஸ்டிக்கில் தட்டுவது. கூடவே வலியோ வீக்கமோ இல்லையென்றால் கேட்டுவிட்டு விட்டுவிடலாம்.

85 டிகிரி பற்றி. சமதரையில் நடக்க அறுபது, அறுபத்தைந்து போதும். படிக்கு எண்பதுக்கு மேல் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழத் தொண்ணூறைத் தாண்ட வேண்டும். ஆகவே நாற்காலியில் நீங்கள் திண்டாடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை, கணக்கே அப்படி. இதை மகனிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு, ஆனால் அதைப் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்வார்கள். ஏழு மாதத்தில் தழும்பு முற்றியிருக்கும். துளை போட்டுத் தழும்பை நீக்குவது சிலருக்கு உதவும், உங்களுக்கா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் போட்டு ஒரே மடக்காக மடக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எலும்பு முறியும், தசைநார் அறுந்துபோகும்.

பயிற்சியை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்யாமல் பத்துப் பத்து நிமிடமாக நாலைந்து தடவை செய்து பாருங்கள். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகம் என்று அர்த்தம். ஆபரேஷன் ஆன ஒரு மாதத்தில் முன்தொடைத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அது திரும்ப ஏற மாதக்கணக்கில் ஆகும். மடங்குவதை எல்லோரும் அளக்கிறார்கள், கால் முழுசாக நீள்கிறதா என்று கேட்பார் இல்லை. அது குறைந்தாலும் நொண்டல் வரும். என் மனைவி பாசத்தில் தினமும் ராத்திரி என் முழங்காலுக்கடியில் தலையணை வைத்தாள். சுகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண் பார்த்துவிட்டு, ‘யார் சார் இதை வெச்சது?’ என்று ஒரு சத்தம் போட்டாள். மடங்கியே கிடந்து மடங்கியபடியே இறுகிவிடுமாம். அன்றிலிருந்து தலையணை போய், குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் கால் தானாகத் தொங்கி நீள வேண்டும். முதல் வாரம் அவளைத் திட்டிக்கொண்டே செய்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தலையணை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கோலம். சம்மணம் போட்டுத் தரையில் உட்காரும் ஆசையை இந்தக் காலிடம் வைக்காதீர்கள், அது எனக்கும் போய்விட்டது. பந்தியில் நான் மட்டும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். ஆனால் கோலம் அப்படியா? என் அம்மா ஒரு நாளும் உட்கார்ந்து கோலம் போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு காலையும் அகட்டி வைத்து, முழங்கால் மடங்காமல், இடுப்பில் வளைந்துதான் போடுவாள். 85 டிகிரி தாராளம். உங்களுக்கு முதுகு தொந்தரவு இல்லையென்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மருமகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, நாலு புள்ளியில் ஆரம்பியுங்கள். ஸ்டிக்கரை உரித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, அதன் பக்கத்திலேயே போடலாம்.

டாக்டர் நோட்டைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள். இந்தத் தடவை மிச்சத்தையும் சேர்த்துப் போடுகிறேன்.