ரெசின் கிண்ணத்தில் மெழுகு ஊற்றலாமா?

கேள்வி: ஒரு வருடமாக ரெசினில் (அச்சில் ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் செயற்கைப் பிசின்) சாவிக்கொத்து, டீ கோஸ்டர் செய்து விற்கிறேன். இந்தத் தீபாவளிக்கு ரெசின் கிண்ணத்திலேயே சோயா மெழுகை ஊற்றித் திரி வைத்து விற்கலாம் என்று இருபது கிண்ணம் வார்த்துவிட்டேன். ‘இது சூடு தாங்கும் ரெசின்தான்’ என்கிறார் கடைக்காரர். வேண்டவே வேண்டாம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
— வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. சூடு தாங்கும் என்று அவர் சொல்வது, சுடச்சுட காபி டம்ளரைக் கோஸ்டர் மேல் வைத்தால் தாங்கும் என்கிற கணக்கு. தீ வேறு கணக்கு.

கைவினைக்கு விற்கும் எபாக்ஸி ரெசின் பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். உருக்கிய சோயா மெழுகை நீங்கள் ஊற்றும்போதே ஏறக்குறைய அந்தச் சூடு இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் நன்றாகச் சுட்ட வெந்நீரை ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழும். விழவில்லை என்றாலும் ‘பாஸ்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரியில் எரியும் சுடரின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெழுகுவர்த்தி வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில், கடல் நீலத்தில் தங்கத் தூள் தூவி ஒரு கிண்ணம் செய்தேன். அவ்வளவு அழகு! முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. மெழுகு பாதிக்குக் கீழே இறங்கியதும் ஒரு பக்கச் சுவர் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி மெல்லச் சாய்ந்தது. திரியைப் பிடித்து நிற்கும் தகரத் துண்டும் நகர்ந்து, சுடர் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கறுப்புப் புகை, தொண்டையைப் பிடிக்கிற நெடி. பக்கத்திலேயே இருந்ததால் ஓடிப்போய் எவர்சில்வர் மூடியால் கவிழ்த்து மூடினேன். தண்ணீர் ஊற்றியிருந்தால் கொதிக்கும் மெழுகு முகத்தில் தெறித்திருக்கும்.

கெட்டியான எபாக்ஸி பிளாஸ்டிக் வாளி மாதிரி உருகி ஓடாது. முதலில் ரப்பர் போல இளகும், அப்புறம் கருகும், அதற்குப் பிறகு தானே எரியும். கண்ணாடி எரியாது, இது எரியும். கிண்ணமும் மெழுகோடு சேர்ந்து எரிபொருளாகிவிடுகிறது. அதிலும் உங்கள் கையை விட்டுப் போகிற பொருள் இது. வாங்கியவர் ஜன்னல் திரை ஓரமாக ஏற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் என்ன செய்வீர்கள்?

சரி, வேறு எதில் ஊற்றலாம்? மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் தடித்த கண்ணாடி ஜாடி நல்லது. ஜூஸ் குடிக்கிற மெல்லிய டம்ளர் விரிசல் விடும். எவர்சில்வர், பித்தளைக் கிண்ணம் தாராளமாக ஆகும், அடி சுடும் என்பதால் கீழே ஒரு டைல்ஸ் துண்டு போதும். அகல் என்றால் பூச்சில்லாத மண் மெழுகைக் குடித்து வெளியே கசிய விடும், அதனால் தட்டில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். உள்பக்கம் பெயின்ட், வார்னிஷ் அடித்த அகல் மட்டும் வேண்டாம். எதில் ஊற்றினாலும் அடியில் அரை அங்குலம் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். கிண்ணத்தின் அடி அதிகமாகச் சூடாவது அந்தக் கடைசி அரை அங்குலத்தில்தான்.

வார்த்து வைத்த இருபதை வீணாக்க வேண்டாம். பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கைப் போட்டு விற்றால், ரெசின் வழியாக வரும் வெளிச்சத்துக்கே வாங்குவார்கள். கண்ணாடி மெழுகுவர்த்தியை ரெசின் கிண்ணத்துக்குள் இறக்கிக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கண்ணாடியின் சூடு ரெசினுக்கும் போகும்.

என் நீலக் கிண்ணம் இன்னும் இருக்கிறது, ஒரு பக்கம் கோணலாக, விளிம்பு கறுத்துப்போய். வகுப்புக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். மற்ற நேரத்தில் ஹேர்பின் போட்டு வைக்கிறேன்.