யாழ்ப்பாணத்தில் பழைய வீடு வாங்கித் திருத்தி, பெயின்ற் அடித்து விற்றால் லாபம் வருமா?

கேட்டவர் கனடாவில் இருக்கிறார். கோண்டாவில் பக்கம் பழைய கல்வீடு ஒன்று விலைக்கு வருகிறதாம். வாங்கித் திருத்தி, பெயின்ற் அடித்து, இரண்டு வருடத்தில் விற்றால் ஏதும் தேறுமா என்பது கேள்வி.

பெயின்றை நம்பி இறங்கினால் தேறாது. இங்கே வீட்டுக்கு விலை பேசுகிறவர்கள் குறைவு, காணிப் பரப்புக்குத்தான் விலை. காணிக்கு விலை முடிந்த பிறகு, "வீடும் நிக்குதுதானே, ஏதும் பார்த்துத் தாங்கோ" என்று விற்கிறவர் இழுப்பார். "அதை இடிச்சுப்போட்டுத்தான் கட்டவேணும், இடிக்கிற கூலியை ஆர் தாறது?" என்று வாங்குகிறவர் திருப்பிக் கேட்பார். ஆகவே நீங்கள் சுவரில் பூசுகிற காசு காணி விலைக்குள் கரைந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: அடுத்த கிழமையே குடிபோகக்கூடிய வீடு. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்க இடம் தேடும் வெளிநாட்டுக் குடும்பங்களும், வயதான அப்பா அம்மாவை இருத்த வீடு பார்ப்பவர்களும் அதற்குத் தனியாக விலை தருவார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது சுவரின் நிறத்தை இல்லை. படுக்கையறையோடு சேர்ந்த மலசலகூடம், ஒழுகாத கூரை, புது வயரிங், தண்ணீர்த் தாங்கி, ஒழுங்கான குசினி. காசை அங்கே போடுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு நடை தூரத்தில் என்றால், விற்பதைவிட மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுவதுதான் என் தெரிவு.

கூரை ஏறாமல் கணக்குப் போடாதீர்கள். கூரை ஓடுகளைக் கழற்றி மாற்றலாம், பெரிய விசயம் இல்லை. உள்ளே ஓட்டைத் தாங்கி நிற்கும் பனஞ்சிலாகை, அதாவது பனைமரச் சட்டம்தான் முக்கியம். வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை இரண்டு மூன்று தலைமுறை தாங்கும். கறையான் ஏறியதோ வெளியே முழுசாக நிற்கும், சுத்தியலால் தட்டினால் உள்ளே கோதுச் சத்தம் கேட்கும். ஒரு நல்ல ஓடாவியை (தச்சரை) கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, இனிச் சுவர். நம்முடைய பழைய வீடுகள் பல சுண்ணாம்புக் கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்தில் பூசியவை. அந்தச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். அதன்மேல் சீமெந்துப் பூச்சும் இமல்சன் பெயின்றும் ஏற்றினால் ஈரம் போக வழியில்லை. அடுத்த மாரிக்குள் நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்துக்குக் கொப்புளம் போடும். சாவியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைப் பொடியாகக் கொட்டும். அதுதான் உவர், ஈரத்தோடு ஏறிவந்த உப்பு. விற்பதற்கென்று அவசரமாகப் பெயின்ற் அடித்த வீடுகளை நான் அந்த மூன்று அடியில்தான் கண்டுபிடிப்பேன், சிலவேளை சரியாக அதே உயரத்துக்குப் புது ரைல்ஸ் ஒட்டி மறைத்திருப்பார்கள். சந்தேகம் என்றால் ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது.

அப்படியான கல்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே மருந்து. இடிந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி, மேலே நீலம் கலந்து வெள்ளையடித்தால் போதும். பார்க்கவும் அழகு. சீமெந்துச் சுவர் என்றால் வேறு கதை: புதுப் பூச்சை ஒரு மாதமாவது காய விடவேண்டும், பழைய சுண்ணாம்புப் பொடியை முழுக்கச் சுரண்டி எடுத்து, சீலர் அடித்த பிறகுதான் இமல்சன். பொடியின்மேல் அடித்தால் பாம்புச் சட்டை மாதிரிக் கழன்று வரும். வேலையைத் தை முடியத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வெளிச்சுவர் அடிக்கச் சொல்லும் மேசனை நம்பவேண்டாம்.

இவ்வளவும் காணி உறுதி (பத்திரம்) சரியாக இருந்தால்தான். நீங்கள் கனடாக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. அப்புறம், பிரிபடாத பங்காக விற்கிறார்கள் என்றால் கவனம். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் எழுதிய உறுதிக்கு வழக்கு வரலாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் சம்மதமும் வேண்டும். பங்காளிகள் லண்டனிலும் பாரிசிலும் இருந்தால், ஒவ்வொருவருடைய அற்றோணித் தத்துவத்தையும் (தமக்காக இன்னொருவர் கையொப்பமிடக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தையும்) நொத்தாரிசு கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

உறுதியில் கிணறு எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். "பங்குக் கிணறும் வழி வாய்க்காலும்" என்று இருந்தால் பக்கத்து வீட்டாருக்கும் உங்கள் வளவுக்குள் வந்து போகும் பாத்தியதை (உரிமை) இருக்கலாம். மதிலை உயர்த்தி, பெரிய கேற் போட்டு விற்கலாம் என்ற திட்டம் அந்த ஒரு வரியில் நின்றுவிடும்.

முத்திரை வரியையும் கணக்கில் சேருங்கள்: முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். வாங்கும்போது அது உங்கள் தலையில். விற்கும்போது லாபத்துக்கு மூலதன ஆதாய வரி. இவற்றையும் திருத்தச் செலவையும் கழித்த பிறகும் காசு மிஞ்சுமென்றால் வாங்குங்கள். காணி விலை ஏறினால்தான் மிஞ்சும் என்றால் வீட்டைத் தொடாமல், வளவைத் துப்புரவாக்கி, கூரையை மட்டும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டு வைத்திருங்கள்.