வேலை அனுபவமோ இன்டர்ன்ஷிப்போ இல்லாமல் பெரிய பல்கலைக்கழகங்களில் அறிவியல் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

கேட்டிருப்பவர் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் +2 படிக்கிறார். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்), ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), முடிந்தால் கேம்பிரிட்ஜ் என்று ஆசை. "மற்ற பிள்ளைகள் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் செய்த சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். நான் அப்பாவோடு வயலுக்குப் போனதைத் தவிர எதுவும் செய்ததில்லை. விண்ணப்பித்துப் பிரயோஜனம் உண்டா?" என்கிறார்.

தாராளமாக உண்டு. நான் பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். வெளியூர், வெளிநாட்டு விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தித் தரச் சொல்லி ஆண்டுதோறும் யாராவது வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நம் நாட்டுக் கதை. இங்கே இந்தக் கவலைக்கே இடமில்லை. ஐசர் மொத்தம் ஏழு இருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் இருப்பது திருவனந்தபுரம் ஐசர். பொதிகை மலைக்கு இந்தப் பக்கம் பாபநாசம் என்றால் அந்தப் பக்கம் விதுரா, அங்கேதான் வளாகம். மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15, ஆக 60 கேள்வி, 3 மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 கழியும். +2வில் பொதுப்பிரிவினருக்கு 60 சதவீதம் வேண்டும். விண்ணப்பத்தில் "என்ன வேலை பார்த்தாய்" என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. பெங்களூரு ஐஐஎஸ்சியின் நான்கு வருட இளநிலைப் படிப்புக்கும் ஐஏடி மதிப்பெண் செல்லும். புவனேஸ்வரில் உள்ள தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கு நெஸ்ட் என்ற தேர்வு, சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனமான சிஎம்ஐக்கு அவர்களே நடத்தும் தேர்வு. பயோ-மேத்ஸ் குரூப் என்றால் நான்கு பாடமும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆய்வக அனுபவம் எல்லாம் உள்ளே போனபிறகு அவர்களே தருவது.

அதனால், பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் 'ரிசர்ச் இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் என்று போனில் வரும் விளம்பரங்களை ஒதுக்கித் தள்ளுங்கள். அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த பையனிடம் "இதில் நீ என்ன அளந்தாய்?" என்று கேட்டேன். முழித்தான். நான் கேட்டால் பரவாயில்லை, நேர்முகத்தில் கேட்டால் என்ன செய்வது?

வெளிநாடு என்று வரும்போதுதான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. இங்கிலாந்தில் மருத்துவம், கால்நடை மருத்துவம் இரண்டுக்கும் அனுபவம் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். அதிலும் மருத்துவத்துக்கு ஆஸ்பத்திரியில்தான் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. முடியாதவர்களைப் பார்த்துக்கொண்டதும் மனிதர்களோடு பழகிச் செய்த வேலையும் கணக்கில் சேரும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மாதிரிப் படிப்புகளுக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. யாரோ மருத்துவத்துக்குச் சொன்னதை எல்லாப் படிப்புக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே இளநிலை விண்ணப்பம் எல்லாம் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம், அந்த ஒரே வாசல் வழியாகத்தான். 2026 சேர்க்கையிலிருந்து தன்னைப் பற்றி எழுதும் பழைய நீளக் கட்டுரையை எடுத்துவிட்டு மூன்று கேள்விகளாக்கிவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு? இதுவரை படித்தது உங்களை எப்படித் தயார்ப்படுத்தியிருக்கிறது? படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது எந்த வகையில் உதவும்? மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்வியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இதில் வயல் வேலையையும் எழுதலாம், தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததையும் எழுதலாம். ஆனால் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு மாதிரி இடங்களில் பாடத்தோடு ஒட்டாத விஷயத்துக்குப் பெரிதாக மதிப்பில்லை. கபடிக் கோப்பையை ஓரமாக வைத்துவிடலாம்.

பின்னே எதைத்தான் பார்க்கிறார்கள்? ஆக்ஸ்போர்டு வெளியிட்ட மாதிரி நேர்முகக் கேள்விகளில் உயிரியலுக்கு ஒன்று: பொறிவண்டு சிவப்பு, ஸ்ட்ராபெரியும் சிவப்பு, ஏன்? பழம் சிவந்தால் 'வந்து தின்னு, விதையைக் கொண்டுபோய்ப் போடு' என்று அழைப்பு. பூச்சி சிவந்தால் 'தொடாதே, கசப்பேன்' என்று மிரட்டல். ஒரே நிறம், நேரெதிர் வேலை. ஸ்ட்ராபெரியைக் காணாதவருக்கு நம் வேலியிலேயே கோவைப்பழமும் குன்றிமணியும் கிடக்கின்றன. கோவைப்பழம் சிவந்ததற்கு முதல் விடை பொருந்தும். குன்றிமணியில் தின்னச் சதை இல்லை, போதாததற்கு விஷம். அது ஏன் சிவந்தது? பழம் என்று பறவையை ஏமாற்றவா, எச்சரிக்கவா? இதை நேர்முகத்தில் இரண்டு பக்கமும் வாதாடத் தெரிந்த பிள்ளையை எந்த இன்டர்ன்ஷிப் சான்றிதழும் முந்தாது.

இயற்பியலுக்கு நம் ஊர் ஒரு புதையல். சிற்பம் பார்க்கக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பூமியின் காந்தப்புலம் மேலும் கீழும் சாயாமல் கிடையாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுதான் புவிகாந்த நடுக்கோடு. அது நம் ஊரை ஒட்டிப் போகிறது. பகலில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கோட்டோடு ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராயத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கோடு நம் பக்கத்தில் இருப்பதை வீட்டிலேயே பார்க்கலாம். தையல் ஊசி ஒன்றை நடுவில் நூல் கட்டி, கிடையாக நிற்கும்படி சரிசெய்து தொங்கவிடுங்கள். பிறகு நூலை நகர்த்தாமல் ஊசியைக் காந்தத்தில் ஒரே திசையாகத் தேய்த்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். லண்டனில் இதையே செய்தால் வடமுனை 66 பாகை வாக்கில் தரையை நோக்கிச் சாய்ந்துவிடும்.

அப்புறம் போனுக்கு வாருங்கள். ஃபைபாக்ஸ் என்று இலவசச் செயலி உண்டு. ஜெர்மனியில் ஆஃகன் பல்கலைக்கழகத்தார் செய்தது. அதில் காந்தமானியைத் திறந்து, போனை இரும்பு இல்லாத மேசையில் மல்லாக்க வையுங்கள். செங்குத்துத் திசைக்கான எண் சுழிக்குப் பக்கத்தில் வரவேண்டும். வராது! போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் காந்தமும் இரும்புத் துணுக்குகளும் தங்கள் பங்கைச் சேர்த்துவிடும். இப்போது போனைக் குப்புறக் கவிழ்த்து மறுபடி அளவெடுங்கள். பூமியின் பங்கு குறி மாறும். போனின் சொந்தப் பங்கு போனோடு சேர்ந்தே திரும்புவதால் மாறாது. இரண்டு அளவின் வித்தியாசத்தில் பாதி எடுத்தால் போனின் பங்கு கழன்றுவிடும். மிச்சம் இருப்பது பூமியுடையது. மொத்தக் காந்தப்புலம் இங்கே 40 மைக்ரோடெஸ்லா வாக்கில். அதில் செங்குத்துப் பங்கு எவ்வளவு சொற்பம் என்று அப்போது தெரியும். செலவு ஒரு ஊசியும் நூலும் காந்தமும். கருவியின் பிழையைக் கண்டுபிடித்துக் கழிக்கத் தெரிந்ததுதான் இதில் எழுதவேண்டிய விஷயம். ஆய்வகத்தில் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தவருக்கு இது வாய்த்திருக்காது.

உயிரியல்தான் பிடிக்கும் என்றால் உங்களுக்கு இன்னும் வசதி. மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் மையம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் வற்ற வற்ற எந்தப் பறவை முதலில் கிளம்பியது என்று நோட்டில் குறித்து வைத்தால் அது உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அப்பாவோடு வயலுக்குப் போனதையும் சும்மா விடாதீர்கள். அம்பை 16 நெல் உங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. அப்பா எதற்காக அதை விதைக்கிறார், அல்லது எதற்காக விட்டுவிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். மகசூல், வைக்கோல், நாள் கணக்கு, பூச்சி என்று அவர் அடுக்குவதே ஒரு தாவரவியல் வகுப்பாக இருக்கும்.

எழுதும்போது, "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கவே வேண்டாம். ஆயிரம் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். "போனைக் கவிழ்த்து அளந்தபோது எண் ஏன் மாறியது என்று யோசித்தேன்" என்று தொடங்குங்கள். வேறு யாருடையதையும் ஒட்டாதீர்கள். யூகாஸ் ஒப்பிட்டுப் பார்க்கும். இங்கிலீஷ் எளிமையாக இருந்தால் ஒரு குறையும் இல்லை.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜில் வெளிநாட்டு மாணவருக்கு இயற்கை அறிவியல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 40,000 பவுண்டைத் தாண்டும். சாப்பாடும் தங்குமிடமும் தனி. முழு உதவித்தொகை கைக்கு வந்தால் ஒழிய நம் மாதிரிக் குடும்பத்துக்கு அது ஆகாத காரியம். மாநிலப் பாடத்திட்டச் சான்றிதழை அங்கே எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. அதை மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொண்டு மற்றதைத் தொடங்குங்கள். இங்கேயோ, +2 தேர்வில் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படித்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். என்னைக் கேட்டால் ஐசரை முதலிலும் கேம்பிரிட்ஜை முதுநிலைக்கும் வைப்பேன்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் போட முடியும்; கடைசி நாள் அக்டோபர் 15. ஐஏடி விண்ணப்பம் பொதுவாக மார்ச், ஏப்ரல் வாக்கில் திறக்கும். +2 தேர்வு நடக்கிற நேரம், மறந்துவிடும். தளத்தைப் பார்க்க வீட்டில் யாரிடமாவது இப்போதே சொல்லிவையுங்கள்.