பொட்டலம் மடித்தால் படிப்பு கெட்டுவிடுமா?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. 50-லிருந்து 17 போனால் 47 என்று எழுதுகிறான். கட்டைகள், மணிச்சட்டம் எல்லாம் உள்ள கணக்குப் பெட்டியை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். தொலைந்துவிடாமல் ஷோகேசில் வைத்து, ஞாயிறு மட்டும் தருகிறேன். பயனில்லை. மாமனாரின் மளிகைக் கடையில் உட்கார்ந்தால் மட்டும் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறான். பொட்டலம் மடித்தே பழகிவிடுவானோ என்று இப்போது கடைக்கு அனுப்புவதில்லை. டியூஷனில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: வேண்டாம். சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவே இல்லை.

17 ரூபாய்ச் சாமானுக்கு ஒருவர் 50 ரூபாய் நீட்டுகிறார். உங்கள் மகன் என்ன செய்திருப்பான்? மூன்று ஒற்றை ரூபாயை வைத்து 'இருபது' என்பான். அப்புறம் மூன்று பத்து ரூபாய்த் தாளை வைத்து 'முப்பது, நாற்பது, ஐம்பது' என்பான். 33 ரூபாய். நோட்டில் எழுதுகிறபடி 47 கொடுத்தால் தாத்தாவுக்கு 14 ரூபாய் நஷ்டம். அங்கே அவன் அப்படிச் செய்வதில்லை. நோட்டில் மட்டும் ஏழிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்துவிடுகிறான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களிடமும் இதையே பார்த்தார்கள். 1985-இல் வெளிவந்த ஆய்வு. ஐந்தே பிள்ளைகள்தான், ஆனாலும் கேளுங்கள்: விற்கும்போது 98 சதவீதம் சரி, அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தால் 37 சதவீதம்தான்.

பள்ளியில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்பது வேறொன்றுமில்லை, பத்து ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றுவதுதான். ஐந்து தாளில் ஒன்றை மாற்றினால் நான்கு தாளும் பத்து நாணயமும். அதிலிருந்து ஒரு தாளும் ஏழு நாணயமும் போனால் மீதி என்ன? இதைக் கல்லாவில் வைத்துச் செய்யட்டும். செய்த கையோடு அதே கணக்கை நோட்டில் எழுதட்டும். கடைக்கும் நோட்டுக்கும் நடுவே பாலம் போட நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கையால் செய்து கற்பதற்குத்தான் முதலிடம். கட்டை கண்ணாடிக்குள் இருந்தால் அது பொம்மைக் கொலு. தொலைந்தால் தொலையட்டும், புளியங்கொட்டை இருக்கிறது.

இன்னொன்று. பொட்டலம் மடிப்பது உங்களுக்கு ஏன் இவ்வளவு இளப்பமாகப் போயிற்று? உங்கள் மகனுக்கு இதுவரை கணக்குச் சொல்லித் தந்தவர் உங்கள் மாமனார்தான், அதுவும் சம்பளம் வாங்காமல். பேரனை நிறுத்தியபோது அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

நாளை சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். "மாமா, இவனுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்" என்று நீங்கள் சொல்லுங்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.