பரீட்சை எண்ணும் பெயரும்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பத்தூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அம்மா தவறிவிட்டார். பீரோவைக் காலி செய்தபோது புடவைகளுக்கு அடியில் வெள்ளைக் கேஸ்மென்ட் துணி ஒன்று கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அரசின் தையல் லோயர் கிரேடு பரீட்சைக்குப் படித்தாராம். அதற்குப் பழகிய மாதிரித் தையல்கள். ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல் என்று வரிவரியாகப் போகிறது. கடைசி வரி பாதியில் நிற்கிறது, ஊசியைக் குத்தி வைத்த இடம் துருவாகியிருக்கிறது. பெயர் இல்லை. மூலையில் சிவப்பு நூலில் பரீட்சை எண் மட்டும்.

நான் இணைய வகுப்பில் சாம்ப்ளர் க்வில்ட் பழகி வருகிறேன், துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வை, கட்டத்துக்கு ஒரு மாதிரியாக. அம்மாவின் துணியை வெட்டி அதன் நடுவில் வைக்கலாமா? அல்லது கோணலானதைப் பிரித்துச் சரிசெய்து, மீதி வரியையும் முடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா? மெஷினில் க்வில்ட் செய்தால் மதிப்புக் குறைவா? வகுப்பில் பின்பக்கம் பெயரும் தேதியும் வைக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெறும் பொழுதுபோக்குதானே, நான் என்ன பெரிய கலைஞரா?

வி.

*

அன்புள்ள வி.,

அம்மா இல்லாத வீட்டில் அம்மாவின் பீரோவைத் திறப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் அந்தத் துணியைப் பழைய துணி மூட்டையில் போடாமல் விரித்துப் பார்த்தீர்களே, அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

திட்டவும் தோன்றுகிறது. அந்தத் துணியில் கத்தரி படக் கூடாது. கோணலைப் பிரிக்காதீர்கள், மீதியை முடிக்காதீர்கள். உங்கள் தையல் அம்மாவுடையதைவிட நேர்த்தியாகவே இருக்கலாம், ஆனால் அது உங்கள் கை. முடித்துவிட்டால் அம்மா நிறுத்திய இடம் எதுவென்று கொஞ்ச காலத்தில் உங்களுக்கே தெரியாமல் போய்விடும். மெஷினா கையா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை, எது வருகிறதோ அதில் தையுங்கள்.

உங்கள் கடைசி வரிகளுக்காகத்தான் இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் வைக்கக் கூச்சம் என்கிறீர்கள். சில வாரங்களாக நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். தி.நகரில் ஆரி ஒர்க் செய்து வந்த ரவிக்கையைப் பெண் கொண்டுவந்து காட்டினாள். முதுகில் இரண்டு மயில்கள். ஒன்றின் கழுத்தில் சங்கிலி பொடிப்பொடியாக நெருங்கி ஓடுகிறது, மற்றதில் கண்ணி கொஞ்சம் நீளம். இரண்டு பேர் தைத்திருக்கிறார்கள். கடையின் மாடியில் வங்காளத்துப் பையன்கள் துணியை இழுத்துக் கட்டிய கட்டையின் இரு பக்கமும் உட்கார்ந்து போட்டதாம். உள்பக்கம் கடையின் பெயர் நெய்த பட்டை பளபளவென்று இருக்கிறது. அந்தப் பையன்கள் யார் என்று மணப்பெண்ணுக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீங்கள் பழகும் சாம்ப்ளருக்கே வருகிறேன். சாம்ப்ளர் என்றால் முதலில் தெரிந்த தையல்களைப் போட்டு வைத்த மாதிரித் துணிதான். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் போஸ்டாக் என்ற பெண் 1598-இல் தைத்த துணி இருக்கிறது. பிரிட்டனில் ஆண்டு குறித்துக் கிடைத்த சாம்ப்ளர்களில் அதுதான் மூத்தது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்ததை அதில் எழுத்து எழுத்தாகத் தைத்திருக்கிறார். அரசரும் போரும் அல்ல, யார் வீட்டுக் குழந்தையோ ஒரு மத்தியானம் பிறந்த சேதி. நானூறு வருடம் கழித்து நான் அயனாவரத்துக்காரி அந்த இரண்டு பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. ஒரு பெயரையும் ஒரு தேதியையும் தைக்க அவர் கூச்சப்படாததால்தான்.

அந்தக் காலத்துச் சாம்ப்ளர் சுவரில் மாட்டுவதற்கானதில்லை. நீளமான ஒடுக்கமான லினன் துணியில் தெரிந்த தையலையெல்லாம் வரிசையாகப் போட்டு, சுருட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது விரித்துப் பார்ப்பார்கள். பிறகுதான் அது பள்ளிக்கூடத்துக்குப் போனது. அ, ஆ மாதிரி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் குறுக்குத் தையலில் பழக்கினார்கள். படுக்கை விரிப்பிலும் துவாலையிலும் வீட்டுக்காரரின் எழுத்தையும் எண்ணையும் போட அது வேண்டும். நம் ஊரில் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் மூலையில் போட்ட குறிக்கும் அதே வேலைதான். குறி போடத் தெரிந்த ஏழைப் பெண்ணுக்குப் பெரிய வீடுகளில் வேலை கிடைத்தது. இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

எலிசபெத் பார்க்கர் என்ற வேலைக்காரப் பெண்ணின் துணியும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1813-இல் பிறந்தவர், 1830 வாக்கில் தைத்தது. பூ இல்லை, கரை இல்லை. எனக்கு எழுதத் தெரியாது, அதனால் இதைப் போடுகிறேன் என்று தொடங்கி, சிவப்புப் பட்டு நூலில் பொடிக் குறுக்குத் தையலாக, வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமையையும் தற்கொலை எண்ணத்தையும் கொட்டித் தீர்த்திருக்கிறார். என் ஆன்மா என்ன ஆகுமோ என்ற இடத்தில் தையல் நின்றுவிடுகிறது. கீழே வெறும் துணி. பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியையாகி முதுமைவரை வாழ்ந்தார் என்பதுகூட, துணியில் தன் பெயரையும் பெற்றோரையும் ஊரையும் சொல்லியிருந்ததால் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வாக்கியத்தை யாராவது முடித்து வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அம்மாவின் வரியை முடிக்க நினைப்பதும் அதுதான்.

எங்கள் பெரியம்மாவிடம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள் தையல் பழக வருவார்கள். பிரம்பில் சுற்றிய நீளமான மல் துணி ஒன்று அவரிடம் இருந்தது. யாராவது தையலை மறந்துவிட்டு வந்து நின்றால், அந்த இடம் வரும்வரை பிரம்பை உருட்டிக்கொண்டே போவார். "இங்க பாரு, நூலை இடது கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கோ. அந்த வளையத்துக்குள்ளயே ஊசி வெளிய வரணும்." அவருக்கு ஜேன் போஸ்டாக்கைத் தெரியாது. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்கள் சுருட்டி வைத்ததைத்தான் அவரும் சுருட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு அந்தத் துணியைக் கிழித்து மெஷின் எண்ணெய் துடைத்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கேட்டதற்கு, "யாருதோ பழைய துணின்னு நினைச்சோம்" என்றார்கள். யாருதோ! ஒரு மூலையில் பெயர் இருந்திருந்தால் அதைக் கிழிக்கக் கை வந்திருக்குமா?

நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட்டின் பெயர் நமக்குத் தெரியும். இடையன்குடியில் அதே வேலையைத் தொடங்கிய அவர் மகள் எலிசாவையும், கால்டுவெல்லின் மனைவி என்பதால் தெரியும். அந்த லேஸைப் பின்னிய கைகள் நம் பெண்களுடையவை, பெயரோ மிஷனரி வீட்டாருடையது. மிஷனரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் தங்கள் பெயரை எழுதிவைத்தார்கள். நாம்தான் நம் பெண்களின் பெயரை எழுதவில்லை. எழுதாததற்கு அடக்கம் என்று நல்ல பெயர் வேறு வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக் கிராமத்துப் பெண் ஜேன் ஸ்டிக்கிள் உள்நாட்டுப் போரின்போது ஒரு க்வில்ட் தைத்தார். பதின்மூன்றுக்குப் பதின்மூன்றாக 169 கட்டங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதிரி. உங்கள் வகுப்பில் அவர் பெயர் கட்டாயம் வந்திருக்கும். ஒரு மூலையில் என்ன தைத்தார் தெரியுமா? போர்க்காலம், 1863, துண்டுகள் 5602, தன் பெயர். அவரும் பெரிய கலைஞர் என்று யாரும் சொல்லாத பெண்தான். ஒட்டிய துண்டுகளைக்கூட எண்ணிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்று உலகம் முழுக்கப் பெண்கள் அந்தக் கட்டங்களைப் பார்த்துத் தைக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். எத்தனை தையலின் பெயர் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் பெயரை எழுதினீர்களா? தேர்வுத்துறைக்கு எண் போதும், திருத்துகிறவர் பாரபட்சம் காட்டக் கூடாது என்பதற்காக அது. வீட்டிலும் அவர் எண்ணாகவே இருக்க வேண்டுமா?

இப்போது செய்ய வேண்டியது. கண்ணாடிச் சட்டம் வேண்டாம். வெளிச்சம் நூலின் நிறத்தைத் தின்றுவிடும், ஒட்டுப்பலகையும் அட்டையும் துணியைப் பழுப்பாக்கிவிடும். ஜேன் ஸ்டிக்கிளின் க்வில்ட்டையே வருடத்தில் சில வாரம்தான் வெளியே காட்டுகிறார்கள். ஊசி இன்னும் துணியில் இருந்தால் எடுத்துவிடுங்கள், துருக்கறையில் எலுமிச்சை தேய்க்காதீர்கள். மடித்தால் மடிப்பில் இழை அறும், அதனால் கஞ்சி போகத் துவைத்த மல் துணியைச் சேர்த்துச் சுருட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள், சென்னை ஈரத்துக்கு இது அவசியம். அம்மாவின் பெயரை அந்தத் துணியில் தைக்காதீர்கள், சுற்றும் மல் துணியில் தையுங்கள். உங்கள் க்வில்ட்டில் உங்கள் பெயர், ஆண்டு, அம்பத்தூர். மூன்றும் இருக்க வேண்டும். பேனாவில் எழுதாதீர்கள், துவைக்கத் துவைக்கப் போய்விடும்.

அம்மாவோடு அந்த வகுப்புக்குப் போன தோழியோ சித்தியோ யாராவது இருப்பார்கள். எந்தத் தெருவில் வகுப்பு, டீச்சர் யார், பரீட்சைக்குப் போனாரா, ஏன் பாதியில் நின்றது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. கேட்டதை எனக்கு எழுதுங்கள், அம்மாவின் பெயரோடு.

அன்புடன்,
அக்கா